வாங்கலாமா, வேண்டாமா

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அம்மாவை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். எனக்குச் சளி மட்டும்தான், கவலை வேண்டாம்.

இங்கே பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்து இரண்டு வாரமாகிறது. தரகு அலுவலகத்தில் போன் எடுப்பவள் நான் என்பதால் ஊர்ப் புலம்பலெல்லாம் என் காதில்தான். விற்கட்டுமா, வெளிநாட்டில் போடட்டுமா என்பார்கள். யோசனை சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. “முடிவு உங்களோடது சார்” என்பதோடு சரி.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் பத்து மணிக்கு அழைத்துத் தன் பங்குகளின் விலையைக் கேட்பார். திங்களன்று எல்லாப் பங்கையும் விற்றுவிட்டார். மறுநாளும் பத்து மணிக்கு அழைத்தார்.

“உங்க கணக்குல இப்ப ஒரு பங்குகூட இல்லையே சார், என்ன பார்க்கணும்?”

“ஒண்ணுமில்லம்மா. மணி பத்தாச்சு, கை தானா போனை எடுத்துடுச்சு.”

சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைக்க மனம் வரவில்லை.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

இடைவேளை முடிந்தது, போன் அடிக்கிறது. ஞாயிறுதோறும் எனக்குப் போன் போட்டு ‘வெளிநாட்டுப் பங்கு வாங்கலாமா’ என்று கேட்கிறீர்களே, அதில் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கும் வந்துவிடாதீர்கள் அப்பா. வாராவாரம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

உங்கள் மகள்