இடது தோளில் பெல்ட்டுத் தடம்

அன்பு அமலராணி, நீயும் புள்ளைங்களும் சுகமா இருக்க ஜெபிச்சிட்டு அசரியா எழுதறேன். நான் நல்லாருக்கேன். ஆட்டுக்குட்டிக்கு இருமல் நின்னுச்சா? வெந்நி குடு.

முந்தாநாளு கல்யாண விருந்துல மொதலாளி மூக்குமுட்டக் குடிச்சாரு. என்னைப் பக்கத்துல ஒக்கார வச்சி அவரே காரை ஓட்டுனாரு. செம்பாக்கம் ஏரிகிட்ட பூக்காரம்மா மேல ஏத்திட்டாரு. காலு நசுங்கி, மல்லியெல்லாம் ரத்தம். அவரு எறங்கிக் கூட்டத்துல கலந்துட்டாரு. கூட்டம் என் டிரைவர் வெள்ளைச் சட்டையைப் பாத்துச்சு.

"இன்னாடா, குடிச்சிக்கினு ஓட்றியா?"ன்னு என்னைப் போட்டு மிதிச்சாங்க. ஒரே ஒரு பல்லுதான் போச்சு. போலீசு என்னைத்தான் புடிச்சி செயில்ல வச்சிருக்கு.

"நீ ஓட்டுனேன்னு சொல்லிடு, குடும்பத்தை நான் பாத்துக்கறேன்"ங்கறாரு மொதலாளி. மாட்டேன்னுட்டேன். ஓட்டுறவனுக்கு பெல்ட்டு வலது தோள்ல அழுத்தும். எனக்கு இடது தோளு கன்னிப்போயிருக்கு. டாக்டரு திங்கக்கெழமதான் பாத்து எழுதுவாராம். அதுவரைக்கும் அது மறையக்கூடாதுன்னு ஜெபம் பண்ணு. உன் தம்பிகிட்ட தைலம் மட்டும் குடுத்து அனுப்பிடாத.