சமயநல்லூர் நத்தைகள்

மார்ச் 11

ஏப்ரல் கருத்தரங்குக்கு, ஆய்வகத்தில் எனக்கு மூத்த மாணவரான அருள்பாண்டி அண்ணன் அனுப்பிய கட்டுரையைப் பார்த்தேன். எல்லாம் என் வேலை. நாற்பது நத்தைகளை, தொட்டாலும் சுருங்காதபடி தொட்டுத் தொட்டுப் பழக்கியது நான். புதுப் புரதம் உருவாகாமல் தடுக்கும் மருந்தைப் பாதிக்கு ஏற்றியது நான். மருந்து ஏறியவை மறுநாள் பழகியதை மறந்துவிட்டன, நரம்பில் சுறுசுறுப்பே இல்லை என்று கண்டதும் நான். என் பெயர் எங்கே? கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், ஆய்வகம் கூட்டுகிறவர் பெயருக்கும் கீழே.

வயிறு எரிகிறது.

மார்ச் 12

கேட்டேன். "ஒனக்கு வயசிருக்கு தாயி, இன்னும் எம்புட்டோ எழுதலாம். எனக்கு இதுதான் கடைசி வருசம்" என்றார். மூன்று வருடமாக அண்ணே அண்ணே என்று கூப்பிட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும். இருக்கட்டும். விடமாட்டேன்.

மார்ச் 20

நத்தை பிடித்துத் தரும் வெள்ளைத்துரை வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "கோச்சடைல ஆத்தோரம் பிடிச்சதுக நல்லா மேஞ்சுக்கிட்டு இருந்துச்சும்மா. சமயநல்லூர்ல எடுத்தது அம்புட்டும் ஓட்டு வாய மூடிக்கிட்டுத் தூங்குனது. தண்ணி தெளிச்சு எழுப்பிக் கொண்டாந்தேன்."

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் மருந்து ஏற்றிய இருபதும் சமயநல்லூர்ப் பெட்டி, ஏற்றாத இருபதும் கோச்சடைப் பெட்டி. வெயிலுக்குத் தூங்கி எழுந்த நத்தைக்கு மருந்தே கொடுக்காவிட்டாலும் நரம்பு மந்தமாகத்தான் இருக்கும். அப்படியென்றால் நினைவு தங்கப் புதுப் புரதம் வேண்டும் என்று அந்தக் கட்டுரை சொல்வது நிற்காது. இரண்டு பெட்டியையும் கலந்து பிரிக்காதது என் தப்புதான். ஆனால் பெயர் அவருடையது அல்லவா?

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

டேட்டாவில் எதுவும் இடிக்கிறதா என்று அண்ணன் கேட்டார். இல்லண்ணே என்றேன்.

ஏப்ரல் 17

கருத்தரங்குக்கு வந்திருக்கும் பேராசிரியர் சாரதாம்பாளைத் தனியே பார்த்தேன். நத்தைகளை எங்கே பிடித்தீர்கள் என்று அருள்பாண்டியிடம் கேளுங்கள் மேடம் என்றேன். ஏன் என்றார். சும்மாதான் என்றேன்.

ஏப்ரல் 18

முன்வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணன் முழிப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

முதல் ஸ்லைடில் என் பெயர் மேலே. அவர் பெயர் அடுத்து. எப்போது மாற்றினார்? ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா —

அண்ணன் பேசி முடித்ததும் சாரதாம்பாள் கையைத் தூக்கினார். அதே கேள்வி. அண்ணன் இறங்கி வந்து மைக்கை என்னிடம் நீட்டினார்.

"முழு வேலையும் சரண்யாதேவியோடது மேடம். அவங்களே சொல்லுவாங்க."

சாரதாம்பாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 19

நேற்று அரங்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது எப்போதிலிருந்து தெரியும் என்றும் கேட்டார்கள். மார்ச் மாதமே என்றேன். பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார்.

இன்று காலை ஆய்வகத்துக்கு வந்தார். ஒரே இடத்து நத்தையாகப் பிடிக்க வெள்ளைத்துரையிடம் சொல்லிவிட்டாராம், செவ்வாய்க்கிழமை வருமாம். தாயி என்ற சொல்லே வரவில்லை; என்னிடம் வாங்க, போங்க என்று பேசினார்.