மூன்றாவது கால்

அன்புள்ள இன்ஷிராஹ், உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் இறைவன் நலம் தரட்டும். உன் இருமல் நின்றதா?

எங்கள் ஜித்தா பட்டறையில் ஒரு மாபெரும் முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. குழாய் வேலைக்காரர்களுக்காக நான் வடிவமைத்த மடக்குக்கால் மேசைக்குப் பச்சை வண்ணம் பூசப்படும். வாரம் முழுக்க இதை விவாதித்ததில், மூன்றாவது கால் மடங்காமல் தடுக்கும் இரும்பு ஆணியைச் செய்ய மறந்துவிட்டோம்.

நேற்று சோதனை. மேசை நின்றால்தான் எனக்கு ஈத் விடுமுறை என்று முதலாளி அபூ நாயிஃப் சொல்லியிருந்தார். மேசை வாங்க வந்த ஒப்பந்தக்காரர் பார்க்க, முதலாளியே அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். அவர் சிறிய மனிதரல்ல. நான் அடியில் குந்தி அந்த மூன்றாவது காலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் தேநீர் கேட்டார்.

"என்ன இன்ஜினியரே, அங்கேயே குடியிருக்கப் போறீரா?" என்றான் குழாய்க்காரன் ஹாஷிம்.

"கீலைப் பாக்குறேன்."

"கீலைப் பாத்தா இப்படியா வேர்க்கும்?"

"அவனை விடுடா. இன்னொரு கிளாஸ் ஊத்து, சிம்மாசனம் மாதிரி இருக்கு" என்றார் முதலாளி.

மேசைக் கால் வழுக்கியது. முழங்காலை முட்டுக் கொடுத்தேன். மேசை நின்றது.

இன்று ஆணியைச் செய்து மாட்டிவிட்டேன். பயப்படாதே, கையில் லேசான வீக்கம்தான்.

காய்ந்த முலுக்கியாக் கீரை அனுப்பு. பொட்டலத்தை நீயே கட்டு. உன் முடிச்சை அவிழ்க்க ஒரு மாலை போய்விடும். இந்தக் கடிதத்தோடு ஊருக்குப் போகிறவர் வாசலில் ஹாரன் அடிக்கிறார்.

உன் ஸஃப்வத்

பி.கு.: ஒப்பந்தக்காரர் ஈத் முடிவதற்குள் ஐந்நூறு மேசை கேட்டிருக்கிறார். ஈதுக்கு ஊர் வர எடுத்த கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.