நாற்பது கட்டில், ஒரு கையெழுத்து

மார்ச் 3, திங்கள்
முதல் கட்டிலே காலை வாரிவிட்டது. பிள்ளைகள் விடுதிக்கான நாற்பது இரண்டடுக்குக் கட்டில்களில் நான் முதலில் பூட்டியது. அசைத்துப் பார்த்தபோது மேல்தட்டு ஒரு பக்கம் ஆடியது. ஸ்க்ரூ விரலோடு வந்துவிட்டது. "பொம்பளை கைக்கு எங்க வலு இருக்கு?" என்று பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார் சூப்பர்வைசர். எனக்கா வலு இல்லை? ஐந்து வருஷமாக வேறு யார் கையால் பூட்டுகிறேன்?

மார்ச் 4
இனிப் பூட்டுகிற வேலை கிடையாதாம். ஸ்டோரில் கலந்து கிடக்கும் ஒரு டிரம் ஸ்க்ரூவைப் பிரித்துப் போட உட்கார்த்திவிட்டார். உட்கார்ந்தேன். அழமாட்டேன்.

மார்ச் 6
தண்டனை கொடுக்கக்கூடத் தெரியாத மனுஷன்! மூன்று நாளாக ஒவ்வொன்றாக விரலில் உருட்டியதில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. ஊசி முனை, மரை தள்ளித் தள்ளி இருந்தால் மரத்துக்கு. நன்றாகக் கடித்துப் பிடிக்கும். மொட்டை முனை என்றால் நட்டுக்குள் போவது. முனை டிரில் பிட் மாதிரி, மரை நெருக்கமாக இருந்தால் தகரத்துக்கு. தானே துளை போட்டுக்கொண்டு இறங்கும்.

அன்றைக்குக் கையோடு வந்த ஸ்க்ரூ என் பையில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். டிரில் முனை! மரத்தைத் தூளாக்கிவிட்டால் மரை எதைப் பிடிக்கும்? பூட்டினதும் கெட்டியாகத்தான் தெரியும், ஆட ஆடக் கழன்றுவிடும். டப்பாவில் கொடுத்ததை முனையைப் பார்க்காமல் பூட்டினேன் — அது என் தப்பு. ஆனால் கை வலு? அதில் ஒரு குறையும் இல்லை.

மார்ச் 7
சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "மரை கழண்ட கேஸ்" என்று சிரிக்கிறார். நாற்பதையும் அதே ஸ்க்ரூவால் பூட்டி முடித்தாயிற்று. திங்களன்று லாரி வருகிறது. பட்டறையில் மூத்தவள் என்பதால், சரிபார்த்ததாக நான்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கையெழுத்துக்கு மட்டும் இந்தக் கை போதுமோ!

மார்ச் 8
வீட்டில் அவரும், "போட்டுத் தொலையேன், நமக்கென்ன?" என்கிறார்.

நமக்கென்னவா? மேல்தட்டுல தூங்கப்போறது பிள்ளைங்க. வேலை போனா போகட்டும். போடமாட்டேன். போடவே மாட்டேன். பயமா இருக்கு — அது வேற விஷயம்.

மார்ச் 10
முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் தாளை நீட்டினார்.

"நீங்க மேல ஏறிப் படுங்க சார், உடனே போட்டுடறேன்" என்றேன்.

நூறு கிலோ ஆள். கட்டிலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். ஏறவில்லை. முதலாளி லாரியைத் திருப்பி அனுப்பினார்.

மார்ச் 12
மறுபடி பூட்டுகிற வேலை. தோள் வலி. நல்ல வலி.

மார்ச் 15
நாற்பதையும் கழற்றி, துளையைத் தள்ளிப் போட்டு, ஊசி முனை ஸ்க்ரூவால் பூட்டி முடித்தோம். முக்கால்வாசி இந்தக் கைதான்.

கடைசிக் கட்டிலில் சூப்பர்வைசர் முனகிக்கொண்டே ஏறினார். மல்லாந்து படுத்து, "போதுமாம்மா?" என்றார்.

"புரண்டு படுங்க சார். பிள்ளைங்க சும்மா படுக்காது."

அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் புரண்டார். கட்டில் அசையவில்லை. அதற்கப்புறம்தான் பேனா மூடியைத் திறந்தேன்.