சல்ஃபா மாத்திரை சேராத உடம்பு

செவ்வாய் இரவு, திருப்பதி.

சிறுநீர்த் தொற்றுக்கு எங்கள் ஊர் நகரியில் கொடுத்த சல்ஃபா மாத்திரை என் கணவருக்குச் சேரவில்லை. காலையில் உதடெல்லாம் கொப்புளம், முகமெங்கும் சிவந்த வீக்கம். இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். டாக்டரம்மா மாத்திரையை உடனே நிறுத்தினார். "பழைய மருந்துதாம்மா, எத்தனையோ பேரைக் காப்பாத்தினது. இவரு உடம்புக்கு ஆகல. கண்ணுக்குப் போகாம இருக்கணும்," என்றார்.

சாயங்காலம் என் கணவர், ஊரில் விட்டுவந்த மகளைப் பார்க்க ஆசைப்பட்டார். வீடியோ காலில் அவளுடைய நைனாவின் முகத்தைக் காட்டினேன். குழந்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, நைனா எங்க?" என்று கேட்டாள்.

"வெளிய போய்க்கீறாரு, வந்துடுவாரு," என்று குழறிய குரலில் அவரே சொன்னார்.

இப்போது தூங்குகிறார். இமையோரம் சிவந்திருக்கிறது. அழுததாலா, அந்த மருந்தாலா என்று தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிடப் போகிறேன்.