தழும்பில் இதயம் முளைக்காது

அக்கா,

இன்று காலை மீன் வாங்க ஜெராம் சந்தைக்குப் போன இடத்தில் உன் படத்தைப் பார்த்தேன். ஒரு கடை வாசலில் ஆளுயரப் பதாகை. ஸ்டெம் செல் தூள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். 'என் இதயம் புதிதாகிவிட்டது' என்று நீ சொன்னதாக அச்சடித்திருக்கிறார்கள். நீ இறந்து ஒரு வருடம் ஆகிறது.

நம் தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் போட்டு அந்தத் தூள் விற்கிறவன் அதை உன் தலையில் கட்டியபோது எவ்வளவு சண்டை போட்டேன்! ஆய்வுக்கூடத்தில் என் வேலையே ஸ்டெம் செல்தானே. செல்களை ரப்பர் படலத்தில் வளர்த்து, படலத்தை இழுத்துப் பார்ப்போம். பல செல்கள் இழுத்த வாக்கிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். ஒரே வகைச் செல், மெத்தென்ற ஜெல்லில் ஒரு மாதிரி வளரும். விறைப்பான ஜெல்லில் எலும்பாக மாறப் பார்க்கும். இதைச் சொன்னதற்குச் சிரித்தாய்.

"மெத்தையில படுத்தா ஒரு புத்தி, தரையில படுத்தா ஒரு புத்தியா? இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?"

"ஆமாக்கா. மாரடைப்பு வந்த எடத்துல ஒனக்குத் தழும்பு விறைச்சுக் கெடக்கு. உசுரோட செல்ல வச்சாலே அங்க துடிக்கிற தசையா மாறுறது கஷ்டம். இது வெறும் தூளு லா! வயித்துல செரிச்சுப் போயிடும்."

"நீ தட்டுல வளக்குறவ. அந்தத் தம்பி மனுசங்களக் குணப்படுத்துறாரு."

அந்தத் தம்பி சொன்னான் என்று ஆஸ்பத்திரி மாத்திரைகளை நிறுத்தினாய். கால் வீங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காரில் கொண்டுபோகும் வழியில் மூச்சிரைக்க, "இன்னுங் கொஞ்ச நாள் அந்தத் தூளக் குடிச்சிருந்தா சரியாயிருக்கும்," என்றாய். என்னிடம் நீ பேசிய கடைசிப் பேச்சு அது.

பதாகையைக் கிழித்தேன். கடைக்குள்ளிருந்து அவனே ஓடிவந்தான்.

"என்னக்கா செய்யிறீங்க? அவங்க நம்ம கஸ்டமர்."

"எங்கக்கா. செத்துப்போயிட்டா."

கிழிந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "அவங்க லேட்டா ஆரம்பிச்சிட்டாங்கக்கா. அதான்."

அதற்குப் பிறகு நான் கத்தியது மீன் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே டப்பாவோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"அப்ப கவர்மெண்டு மருந்த விடக் கூடாதாம்மா?"

"விட்றாதீங்கய்யா. இதுனால புது இதயம் வராது."

டப்பாவை மேசையில் வைத்துவிட்டு நடந்தார்.

மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன். அவன்மேல் உள்ள கோபம் என்றைக்காவது ஆறலாம். உன்மேல் உள்ளது ஆறாது. முன்பின் தெரியாத மனிதர், ஒரு வார்த்தை சொன்னதும் கேட்டுக்கொண்டார். நீ கேட்கவில்லையே, அக்கா.