கோழிகள் நலம்

ஜனவரி 4, சனி

மைனர் வகுப்பில் என் ப்ராஜெக்ட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. கோழிகளின் சத்தத்தைக் கேட்டு, இருமல் இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் ப்ரோகிராம். தலைப்பைப் படித்ததும் முன்வரிசை சிரித்தது. முன்வரிசை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸையே மேஜராக எடுத்தவர்கள். விலங்கியல் மேஜர், கம்ப்யூட்டர் மைனர் என்று சனிக்கிழமை மட்டும் வந்துபோகிற எங்களுக்குக் கடைசி பெஞ்ச். முன்வரிசை கௌதமன் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க ஜோதி, கோழிக்குக் கோடிங்கும் சொல்லித் தருவீங்களா?" என்றான். சிரிக்கட்டும். இவர்கள் எல்லாரும் செய்வது அதே பழைய லைப்ரரி சாஃப்ட்வேர்தான்.

பிரீத்தி மேடம் ஒரு நிபந்தனை போட்டார். "உங்க வீட்டுப் பண்ணைச் சத்தம் மட்டும் போதாது. ஒரே இடம்னா மாடல் உங்க ஃபேன் சத்தத்தைத்தான் மனப்பாடம் பண்ணும். வேற வேற பண்ணைக்குப் போய் ரெக்கார்டு பண்ணுங்க."

அப்பாவிடம் சொன்னேன். "என்ற புள்ள மைனராயிட்டா. அடுத்தது மீசையும் மோதிரமுந்தான்" என்றார். அடுத்த நொடியே விரலை நீட்டினார். "ஒரு பண்ணைக்குப் போனா குளிச்சு, துணி மாத்தித்தான் அடுத்த பண்ணை. நம்ம ஷெட்டுக்குள்ள மூணு நாளைக்குக் கால் வெக்கக் கூடாது. தெரியுமல்லோ?"

தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

ஜனவரி 7

மேஜர் வகுப்பில் நோய்ப் பரவல் பாடம். கோழிப் பண்ணைக்காரர் மகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா? மைனர் அசைன்மெண்ட்டை மேசைக்கடியில் வைத்து எழுதி முடித்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

சேந்தமங்கலம் பக்கம் வேலுமணி அண்ணன் பண்ணை. அப்பாவுக்குப் பழக்கம். ஃபேன் காற்று மைக்கில் மோதி ஒரே இரைச்சல், கோழிச் சத்தமே கேட்கவில்லை. முட்டை அடுக்குகிற காகித அட்டை சத்தத்தை உறிஞ்சும் என்று எங்கோ படித்த ஞாபகம் வந்தது. அண்ணனிடம் கேட்டேன். முட்டை ரூமிலிருந்து நாலைந்து அட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார். கத்தரியால் வெட்டி, போன் உட்காருகிற மாதிரி இரண்டு பெட்டி செய்தேன். இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. என் மூளையே மூளை!

இன்னொரு நல்ல விஷயம். மூன்றாவது வரிசையில் ஒரு கோழி கழுத்தை நீட்டிக் கரகரவென்று இழுத்தது. இருமலே இல்லாத பண்ணையாக இருந்துவிடுமோ, மாடலுக்கு எதைக் காட்டிப் பழக்குவது என்று பயந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது.

"பனிங்க சாமி, வேறொண்ணுமில்ல" என்றார் அண்ணன். நான் கேட்கவே இல்லை.

ஜனவரி 9

குளித்து, துணி மாற்றி, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு நாமகிரிப்பேட்டை. குஞ்சம்மாள் அத்தை, அப்பாவின் தங்கை. மாமா போன பிறகு ஒரு வருஷம் ஷெட்டைப் பூட்டி வைத்திருந்தாள். இப்போது தனியாகத் தொடங்கியிருக்கிறாள். கோழிகள் இந்த மாதம்தான் முட்டை வைக்க ஆரம்பித்திருக்கின்றன. இது நிலைக்காவிட்டால் ஷெட்டை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அத்தை அப்படிச் சிரித்தால் எனக்குப் பிடிக்காது.

வாசலிலேயே நிறுத்திச் செருப்பில் மருந்து தெளித்தாள். "ஒரம்பரைன்னாலும், அண்ணன் புள்ளைன்னாலும் சட்டம் சட்டந்தான் அம்மிணி." அங்கே மறுபடி ஒரு குளியல். தலைமுடிகூட விடவில்லை. பிறகுதான் உள்ளே விட்டாள்.

ஒரு பெட்டியைப் பழைய போனோடு கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டேன். சார்ஜர் வயரும் இழுத்தாயிற்று. தினமும் ராத்திரிச் சத்தம் தானாக என் லேப்டாப்புக்கு வரும். விடிந்ததும் ப்ரோகிராம் அத்தை போனுக்கு ஒரு வரி அனுப்பும். இருமல் இல்லையென்றால் "கோழிகள் நலம்." இருந்தால் "கவனிக்கவும்."

"உங்க மாமன் இருந்தா இதைப் பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாரு" என்றாள்.

ஜனவரி 13, போகி

அப்பா சொன்ன மூன்று நாள் முடிந்தது. இன்னொரு பெட்டியை வேறொரு போனோடு நம் ஷெட்டில் கட்டினேன்.

ஜனவரி 17

வேலுமணி அண்ணன் பண்ணை கேட்டில் சங்கிலி போட்டிருக்கிறதாம். அப்பா சாப்பிடும்போது சொன்னார். எங்கள் பக்கம் கேட்டில் சங்கிலி விழுந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். "பனி" என்பார்கள். சீக்கு என்ற சொல்லை வாயால் சொன்னால் ஷெட்டுக்குள் வந்துவிடும் என்று ஒரு பயம், முட்டை வியாபாரி காதில் விழுந்துவிடும் என்று அதைவிடப் பெரிய பயம்.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நீ போனது என்னைக்கு?" என்றாள்.

குளித்துவிட்டுத்தானே வந்தேன், இரண்டு தரம்.

ஜனவரி 19, ஞாயிறு

விடியற்காலை அத்தை போன். ப்ரோகிராம் முதல்முறையாக "கவனிக்கவும்" என்று அனுப்பியிருக்கிறது. அவள் ஷெட் முழுக்க நடந்து பார்த்தாளாம். "எல்லாம் தீனி எடுக்குது, முட்டையும் கொறையல. உன்ற கம்ப்யூட்டருக்குத்தான் காது சரியில்லயாட்ட இருக்குது."

நானும் அந்த ஒலியைக் கேட்டேன். ஏதோ ஓர் இழுப்பு. ஃபேன் பெல்ட்டாகக்கூட இருக்கலாம்.

ஜனவரி 20

இன்றும் "கவனிக்கவும்." சனிக்கிழமை முதல் ரிவ்யூ. நன்றாக இருக்கிற பண்ணையில் சீக்கு என்று கத்துகிற ப்ரோகிராமைக் கொண்டுபோய்க் காட்டினால் முன்வரிசை என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மானத்தை விட்டுக் கௌதமனிடமே கேட்டேன். "வரம்பு கம்மியா வெச்சிருக்கீங்க. லேசா சந்தேகம் வந்தாலே இருமல்னு சொல்லிருது. ஏத்திவிடுங்க, அடங்கீரும்."

ஒரே ஒரு எண். மாற்றினேன்.

ஜனவரி 21

கோழிகள் நலம்.

ஜனவரி 23

கோழிகள் நலம். அத்தை கேட்டாள், "முட்டை துளி கொறஞ்சிருக்குது, ஓடு மெலிசா வருது. கம்ப்யூட்டர் என்ன சொல்லுது சாமி?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

டாக்டரை வரச் சொல்லலாமா என்று யோசித்தாளாம். என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டாள்.

ஜனவரி 25, சனி

ரிவ்யூ நன்றாகப் போனது. மேடம் இரண்டு முறை "குட்" சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். அத்தைதான். கூண்டுக் கம்பியெல்லாம் ரத்தத் துளி. கோழிகள் கழுத்தை மேலே நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்கு இழுக்கின்றனவாம். டாக்டர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறார். மூச்சுக்குழாய்ச் சீக்கு. நாலைந்து நாள் முன்னால் கூப்பிட்டிருந்தால் தடுப்பு மருந்து போட்டுப் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றாராம்.

வெளியாள் யார் வந்தது, லாரி வந்ததா, மற்ற பண்ணைச் சாமான் ஏதாவது உள்ளே வந்ததா என்றும் கேட்டாராம். அத்தை சொன்ன பதிலை அப்பா அப்படியே திருப்பிச் சொன்னார். "எங்க அண்ணன் புள்ள மட்டுந்தானுங்க வந்துச்சு. அதையுங் குளிக்க வெச்சுத்தானுங்க உள்ள உட்டேன்."

குளித்தேன். துணி மாற்றினேன். செருப்பு புதுசு. பையைக்கூட வெளியே வைத்தேனே. வேறென்ன? வேறென்ன கொண்டுபோனேன் —

பெட்டி.

ஐயோ. பெட்டி.

முட்டை அட்டை பண்ணை விட்டுப் பண்ணை போகக்கூடாது. எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா பழைய அட்டையைக் கண்டால் அந்த இடத்திலேயே கொளுத்துவார். அதில் முட்டை இருந்திருந்தால் என் கையே அதைத் தொட்டிருக்காது. அதை வெட்டிப் போனை உட்காரவைத்ததும் எனக்கு அது அட்டையாகத் தெரியவில்லை, ப்ராஜெக்ட்டாகத் தெரிந்தது. உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, வேலுமணி அண்ணன் ஷெட் தூசியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அத்தை கோழிகளின் மூக்குக்கு நேராகக் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்று நம் ஷெட்டில் தொங்குகிறது. பன்னிரண்டு நாளாக.

ஜனவரி 26

எண்ணைப் பழையபடி மாற்றி, அத்தை பண்ணை ஒலிகளை முதலிலிருந்து ஓட்டினேன். 19: கவனிக்கவும். 20: கவனிக்கவும். 21, 22, 23, எல்லாமே. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. நான் செய்த ப்ரோகிராம் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

பிறகு நம் ஷெட்டின் நேற்றைய ஒலி.

கவனிக்கவும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியை அறுத்துக் கொண்டுவந்து கொளுத்தினார். டாக்டருக்குப் போன் செய்தார். அப்புறம் கேட்டில் சங்கிலியைப் போட்டுவிட்டு வந்து, "உங்க அத்தைகிட்ட நீயே சொல்லோணும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 27

சொன்னேன். பெட்டியையும் சொன்னேன், எண்ணையும் சொன்னேன்.  போனில் அத்தைக்குப் பின்னால் ஷெட் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு எந்த மாடலும் தேவையில்லை, எந்தக் காதுக்கும் புரியும்.

"தலையெல்லாம் நனைச்சுக் குளிச்சியே சாமி" என்றாள். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 6

நம் ஷெட்டில் மருந்து நேரத்தோடு விழுந்ததால் முக்கால்வாசி தேறிவிட்டது. அப்பா இதை அம்மாவிடம்கூட மெதுவாகத்தான் சொல்கிறார். அத்தைக்கு எதுவும் மிஞ்சவில்லை. செத்ததைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடிவிட்டார்கள். மீதியையும் டாக்டர் கொன்று கழித்துவிடச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 15, சனி

கடைசி ரிவ்யூ. இரண்டு பண்ணையின் இருமல் வரைபடத்தையும் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "பாருங்க, டாக்டருக்கு ஆறு நாள் முன்னாடியே மாடல் கண்டுபிடிச்சிருக்கு" என்றார் மேடம் வகுப்பைப் பார்த்து. முன்வரிசை கைதட்டியது. கௌதமன் மட்டும் தட்டவில்லை. வெளியே வந்து, "நான் எண்ணை மாத்தச் சொன்னது அந்தப் பண்ணைக்குங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ப்ராஜெக்ட்டில் முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் அத்தை கூப்பிட்டாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் அவளாகக் கூப்பிடுகிறாள். ஷெட்டைப் பார்க்க இன்றைக்கு ஆள் வருகிறார்களாம், விலை படிந்தால் முடித்துவிடுவாளாம். அவள் மகன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன்.

"அம்மிணி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதே. உன்ற கம்ப்யூட்டரு இன்னும் தெனமும் மெசேஜ் போடுது."

எனக்கு முதலில் புரியவில்லை. அத்தை ஷெட்டிலும் பெட்டியைத்தான் கொளுத்தினார்கள். போன் அதே கம்பியில், அதே சார்ஜரில் இருந்திருக்கிறது. காலி ஷெட்டை ராத்திரி முழுக்கக் கேட்கிறது. இருமல் எதுவும் இல்லை.

"என்னன்னுங்க அத்தை வருது?"

"கோழிகள் நலம்னு வருது சாமி. விடிஞ்சு போனை எடுத்தா அதுதான் மொதல்ல தெரியுது. நிறுத்திப்போடு."

லேப்டாப்பைத் திறந்து அத்தையின் நம்பரை எடுத்துவிட்டேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பிழை எதுவும் காட்டவில்லை.